எடிஃபேக்டா, சோப்பா, யூபிஎல்லா? ஒரு மாங்கூழ் ஆலைக்கு ஆர்டர் இணைப்பு போட்ட அனுபவம்

போன பிப்ரவரி கடைசியில், காவேரிப்பட்டினம் பக்கம் மாங்கூழ் ஆலை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன் செய்தார். "தம்பி, ஹாலந்துக்காரங்க இந்த சீசன்ல இருந்து மெயில்ல ஆர்டர் அனுப்ப மாட்டாங்களாம். இடிஐ-ன்னு ஏதோ சொல்றாங்க. ஒரு எட்டு வந்து பாரேன்."

இடிஐ என்றால் ஆர்டர், பில் போன்றவற்றை இரண்டு பக்கத்துக் கணினிகளும் நேராகப் பரிமாறிக்கொள்வது. கிருஷ்ணகிரியில் சின்னதாக மென்பொருள் வேலை செய்து கொடுக்கிறேன். அந்த ஆலையின் ஸ்டாக், பில் மென்பொருளை ஆறு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போனேன். மேசையில் மூன்று விஷயங்கள் காத்திருந்தன. ஹாலந்து வாடிக்கையாளர் அனுப்பிய தடித்த கையேடு: ஆர்டரும் இன்வாய்ஸும் எடிஃபேக்ட் என்ற இடிஐ ஆவண வடிவில், டி.96ஏ பதிப்பில், ஏஎஸ்2 என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக வர வேண்டும். பெங்களூரில் ஜூஸ் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் மெயில்: இனி டெலிவரி விவரங்களை எங்கள் சோப் வெப் சர்வீஸில் (இணையம் வழியாக நிரலும் நிரலும் பேசும் ஒரு முறை) ஏற்றுங்கள். மூன்றாவது நம் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ், பில்லை அரசுப் போர்ட்டலில் பதிவு செய்யும் முறை. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு அது கட்டாயம். நான் போன நாள்வரை கணக்கு பார்க்கும் அக்கா ஒவ்வொரு பில்லையும் போர்ட்டலில் கையால் தட்டிக்கொண்டிருந்தார். சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி கிளம்புகிறது என்று தெரிந்தவர்களுக்கு அது என்ன பாடு என்று புரியும்.

மாங்காய் வரத்து மே மாதம் சூடுபிடிக்கும். கையில் இருந்தது இரண்டரை மாதம். அதில் முதல் இரண்டு வாரத்தைத் தவறான கேள்வியில் செலவழித்தேன். அந்தக் கேள்விதான் எல்லோரையும் இழுக்கும் என்பதால் அதையும் எழுதுகிறேன்: "இவற்றில் எது சிறந்தது? எல்லோரையும் அந்த ஒன்றுக்குக் கொண்டுவர முடியுமா?"

படிக்கப் படிக்க ஆசை கூடியது. அமெரிக்காவில் இடிஐ தரநிலை எழுதும் எக்ஸ்12 குழு தொடங்கியது 1979. ஐ.நா. பக்கத்தில் எடிஃபேக்ட் வந்து, 1988-ல் ஐஎஸ்ஓ 9735 என்ற உலகத் தரநிலை ஆனது. 1998-ல் எக்ஸ்எம்எல் என்ற, குறிச்சொற்களால் தகவலை எழுதும் வடிவம் வந்ததும் பழையதெல்லாம் போய்விடும் என்று பலரும் நம்பினார்கள். 1999-ல் தரநிலைகள் எழுதும் ஓயாசிஸ் அமைப்பும் ஐ.நா.வின் வணிகத் தரநிலைப் பிரிவான சீஃபேக்டும் சேர்ந்து, எக்ஸ்எம்எல்லில் வணிகம் நடத்த இபிஎக்ஸ்எம்எல் வேலையைத் தொடங்கின, 2001 மே மாதம் முதல் தொகுப்பு வந்தது. அதே காலத்தில் மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் போன்றவர்கள் சோப், ஒரு சேவையின் விவரத்தை எழுதும் டபிள்யூஎஸ்டிஎல், யூடிடிஐ என்று இன்னொரு பாதை போட்டார்கள். யூடிடிஐ ஒரு பொதுப் பதிவேடு. நம் ஆலை தன்னைப் பற்றி அதில் எழுதி வைத்தால், வாங்குபவரின் கணினி தானே தேடி வந்து பேசிக்கொள்ளும் என்பது கனவு. அந்தப் பொதுப் பதிவேடுகளை 2006 ஜனவரியில் மூடிவிட்டார்கள். மாங்கூழ் வாங்குபவர் ஆலையைத் தேடும் விதம் எனக்குத் தெரியும். ஏஜென்ட் சொல்லுவார், சாம்பிள் போகும், பிரிக்ஸ் (இனிப்பின் அளவு) பார்ப்பார்கள், ஆலையை நேரில் வந்து சுற்றிப் பார்ப்பார்கள், அப்புறம்தான் விலைப் பேச்சே. அந்த நம்பிக்கையைப் பதிவேட்டில் ஏற்ற வழி இல்லை. யூடிடிஐ ஏன் நிற்கவில்லை என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவைப்படவில்லை.

வணிக ஆவணங்களுக்கான எக்ஸ்எம்எல் வடிவமான யூபிஎல் எனக்குப் பிடித்திருந்தது. 2004-ல் முதல் பதிப்பு, 2.1 பதிப்பு 2015-ல் ஐஎஸ்ஓ தரமும் ஆகிவிட்டது. படித்தால் புரிகிறது, ஆர்டர் முதல் இன்வாய்ஸ் வரை எல்லாப் படிவமும் இருக்கிறது. ஹாலந்துக்கு எழுதினேன்: "நாங்கள் யூபிஎல் அனுப்பினால் ஏற்பீர்களா?" இரண்டு வரியில் பதில் வந்தது. எங்கள் சப்ளையர்கள் அத்தனை பேரும் இந்த வடிவில்தான் இருக்கிறார்கள், ஒருவருக்காக மாற்ற முடியாது. நியாயமான பதில். 1996-ன் பதிப்பு அது. இத்தனை வருடம் கழித்தும் ஓடுகிறது என்றால், அதன் ஒவ்வொரு மூலையையும் அறிந்த ஆட்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை நான் குறையாகப் பார்த்தது தவறு.

வேலை நேரானது எடைமேடை அறையில். பெங்களூர் இணைப்பு பற்றி அண்ணனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். எடிஃபேக்டும் சோப்பும் எப்படி வேறு என்று நான் சொன்னது எனக்கே குழப்பமாக இருந்தது. அவர் கேட்டார்: "தம்பி, சரக்கு வேற, வண்டி வேற, எல்ஆர் வேற. நீ சொல்றது இதுல எது?"

எடைச் சீட்டு ஒன்றைத் திருப்பிப்போட்டு மூன்று கட்டம் போட்டேன். சரக்கு என்றால் ஆவணம்: ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது, எந்தச் சொல்லில், எந்த அளவில். எடிஃபேக்ட், எக்ஸ்12, யூபிஎல், ஜிஎஸ்டியின் ஐஎன்வி-01 என்ற இ-இன்வாய்ஸ் படிவத்தின் ஜேசன் கோப்பு, நாலும் சரக்கு. வண்டி என்றால் அது எதில் ஏறி வருகிறது: ஏஎஸ்2, எஸ்எஃப்டிபி, சோப், ரெஸ்ட். எல்ஆர் (லாரி ரசீது) என்றால், வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்து போட்ட நகல். யார் வாங்கினார், எப்போது, சேதம் உண்டா. எடிஃபேக்டையும் சோப்பையும் ஒப்பிட முயன்றது ட்ரம்மையும் லாரியையும் ஒப்பிட்ட கதை. இருபது வருடமாக நடந்த தரநிலைச் சண்டைகளில் பாதிக் குழப்பம் இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இபிஎக்ஸ்எம்எல் மூன்று கட்டத்தையும் ஒரே குடும்பமாகத் தந்தது. சோப் பக்கத்தினர் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி ஏடு எழுதினார்கள். பெயரளவில் இபிஎக்ஸ்எம்எல் ஜெயிக்கவில்லை, ஆனால் அதன் வண்டி மட்டும் இன்றும் ஓடுகிறது. ஐரோப்பாவில் தொடங்கிய, நிறுவனங்கள் ஆவணம் பரிமாறும் பெப்போல் வலை 2020 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கிய ஏஎஸ்4 என்பது இபிஎக்ஸ்எம்எல் மூன்றாம் பதிப்பின் செய்தி முறையிலிருந்து செதுக்கியது. அதில் ஏறிப் போவது யூபிஎல் சரக்கு. வேறு வேறு முகாமின் சரக்கும் வண்டியும் ஒன்றாகப் போகின்றன, யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

கட்டம் போட்ட பிறகு முடிவு சுலபமாக வந்தது. நடுவில் நம் சொந்த அட்டவணைகள்: ஆர்டர், ஆர்டர் வரி, டெலிவரி, பில். ஆலையில் பேசும் சொற்களிலேயே இவற்றுக்குப் பெயர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வைத்தேன். ஓரத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வடிவத்தை மாற்றித் தரும் ஒரு சின்ன நிரல், பைத்தானில். வெளி வடிவம் எதுவும் நடுவுக்குள் வரக் கூடாது. வந்த கோப்பை மட்டும் வந்தபடியே, ஒரு எழுத்தும் மாற்றாமல் தனியாகச் சேமிக்க வேண்டும். இந்தக் கடைசி விதி மே மாதம் என்னைக் காப்பாற்றியது, அதற்கு வருகிறேன்.

ஏஎஸ்2-க்கு ஓப்பன் ஏஎஸ்2 என்ற இலவச மென்பொருளை எடுத்தேன். 2005-ல் வந்த ஆர்எஃப்சி 4130 என்ற இணைய விதிமுறை தான் ஏஎஸ்2. மெயிலில் இணைப்பைப் பூட்டிக் கையெழுத்திட்டு அனுப்பும் அதே முறை, எச்டிடிபி மேல் போகிறது. அவர்கள் சான்றிதழை நாமும் நம்முடையதை அவர்களும் வாங்கிக்கொள்ள வேண்டும், நிலையான ஐபி வேண்டும். கடிதப் போக்குவரத்துக்குத்தான் பத்து நாள் ஆனது, வேலை ஒரு நாள்.

எடிஃபேக்ட் பார்க்கக் கரடுமுரடு. கோப்பு முழுக்க ஒரே நீள வரி. மேற்கோள் குறி வந்தால் ஒரு துண்டு முடிந்தது, கூட்டல் குறி வந்தால் அடுத்த புலம், முக்காற்புள்ளி வந்தால் புலத்துக்குள் பிரிவு. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன்: கியூடிஒய்+21:17200:கேஜிஎம்'. ஆர்டர் அளவு 17,200 கிலோ என்று இதற்குப் பொருள். ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். அப்புறம் இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு செய்தியை அடக்கியவர்கள் மேல் மரியாதை வந்துவிடும்.

முதல் பதில் கோப்பை அனுப்பினேன். தொடர்பு விவரத் துண்டில் பிழை என்று திரும்பி வந்தது. அரை நாள் தேடினேன். தொலைபேசி எண்ணை வழக்கம்போல +91 4343 என்று தொடங்கியிருந்தேன். அந்தக் கூட்டல் குறி புலத்தை வெட்டிவிட்டது. முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டு ?+91 என்று எழுதினால்தான் அது வெறும் கூட்டல் குறி. முகவரியில் மேற்கோள் குறி வந்தாலும் இதே வைத்தியம். இந்திய எண்ணோடு எடிஃபேக்ட் எழுதும் ஒவ்வொருவரும் ஒரு தடவை இதில் இடறுவார்கள் என்று நினைக்கிறேன். அடுத்த பிழை, கடைசித் துண்டில் எழுத வேண்டிய எண்ணிக்கை. தலைப்புத் துண்டும் கடைசித் துண்டும் கணக்கில் சேரும். நான் தலைப்பை விட்டு எண்ணியிருந்தேன்.

இவை எல்லாம் எழுத்துப் பிழைகள், திருத்தினால் போய்விடும். பொருள் சார்ந்த சிக்கல்தான் உண்மையான வேலை, அதை எந்தத் தரநிலையும் முடித்துத் தருவதில்லை.

அசெப்டிக் (கிருமி புகாமல் அடைத்த) கூழ் ட்ரம்மில் நிகர எடை 215 கிலோ. 20 அடி கன்டெய்னரில் 80 ட்ரம், ஆக 17,200 கிலோ. ஆலையில் யாரும் கிலோவில் யோசிப்பதில்லை, "ஒரு கன்டெய்னர் பெங்களூரா" என்பார்கள். தோத்தாபுரிக்கு இங்கே அதுதான் பெயர். ஹாலந்து ஆர்டர் கிலோவில் வருகிறது. சோதனை ஆர்டர் ஒன்று 17,000 கிலோ என்று வந்தது. 215-ஆல் வகுத்தால் 79 ட்ரம் போக 15 கிலோ மீதி. நிரல் என்ன செய்ய வேண்டும்? மேல் நோக்கி முழுமையாக்கினால் கேட்டதைவிட 200 கிலோ கூடுதல், கீழ் நோக்கி என்றால் கன்டெய்னரில் ஒரு ட்ரம் இடம் காலி. அண்ணனைக் கேட்டேன். "80 தான். ஆனா அவங்களைக் கேக்காம போடாத." சரி, அதையே நிரலாக்கினேன். ட்ரம் கணக்கில் பொருந்தாத ஆர்டர் வந்தால் தானாக ஏற்காமல் நிறுத்தி வைக்கும். அக்கா திரையில் பார்த்து ஒப்புதல் தந்தால், ஆர்டர் பதில் கோப்பு "மாற்றத்துடன் ஏற்பு" என்று 17,200-ஐச் சொல்லிப் போகும். எடிஃபேக்டில் இதற்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தை எப்படி நிரப்புவது என்பது வியாபாரம்.

விலையிலும் இதே கதை. பேசுவது டன்னுக்கு, எடை எழுதுவது கிலோவில். எடிஃபேக்டின் விலைத் துண்டில் "இந்த விலை 1000 கிலோவுக்கு" என்று சொல்ல ஒரு புலம் உண்டு, கட்டாயம் இல்லை. நான் விட்டுவிட்டேன். சோதனை இன்வாய்ஸில் தொகை ஆயிரம் மடங்கு ஏறியிருந்தது. அக்காதான் பார்த்தார், "தம்பி, இந்தக் காசுக்கு ஊரையே வாங்கலாம்" என்றார். யூபிஎல்லிலும் இதே புலம் அடிப்படை அளவு என்ற பெயரில் இருக்கிறது, அங்கேயும் விருப்பம்தான். விருப்பப் புலங்களை முதலில் படியுங்கள் என்று இந்த வேலைக்கு வரும் எவரிடமும் சொல்வேன். கட்டாயப் புலத்தை விட்டால் கணினி கத்தும். விருப்பப் புலத்தை விட்டால் சத்தமில்லாமல் பணம் மாறும்.

அளவுக் குறியீடுகளுக்கு ஒரு தனி அட்டவணை போட வேண்டியதாயிற்று. ஐ.நா.வின் குறியீட்டில் கிலோ கேஜிஎம், ஜிஎஸ்டியில் அதே கிலோ கேஜிஎஸ். ட்ரம் என்றால் ஐ.நா. பொதிப் பட்டியலில் டிஆர், பெப்போலில் முன்னால் ஒரு எக்ஸ் சேர்த்து எக்ஸ்டிஆர், ஜிஎஸ்டியில் டிஆர்எம். மூன்று பேர் ஒரே ட்ரம்மைச் சுற்றி நின்று மூன்று பெயர் சொல்கிறார்கள். நம் அட்டவணையில் அது "ட்ரம்" மட்டுமே. மொழிபெயர்ப்பு ஓரத்தில்.

பெங்களூர் சோப் இணைப்புக்குப் பயத்தோடு போனேன். சோப் என்றாலே பழசு, கனம், வேண்டாம் என்ற பேச்சு என் காதிலும் விழுந்திருக்கிறது. டபிள்யூஎஸ்டிஎல் கோப்பை பைத்தானின் ஸீப் நூலகத்தில் கொடுத்தேன். எந்த அழைப்புகள் உண்டு, எந்தப் புலம் என்ன வகை, எது கட்டாயம், எல்லாம் கால் மணி நேரத்தில் கையில் வந்துவிட்டது. ரெஸ்ட் சேவை என்று சொல்லி ஒரு வேர்டு கோப்பை அனுப்புகிறவர்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறது, கணினியே படிக்கிறது.

ஆனால் ஒரு அழைப்பு மட்டும் போகவில்லை. சோப் செய்தியை எழுதும் பழைய ஆர்பிசி, என்கோடட் பாணியில் இருந்தது அது. 2004-ல் டபிள்யூஎஸ்-ஐ அமைப்பு வெளியிட்ட அடிப்படை விதிமுறை இந்தப் பாணியை விலக்கியது. ஒவ்வொரு நிறுவனத்தின் சோப்பும் அடுத்தவரின் சோப்போடு பேசாமல் நின்றதால்தான் அந்த அமைப்பே 2002-ல் வந்தது. ஒரே தரநிலையை எல்லோரும் பின்பற்றினார்கள், இருந்தும் ஒத்துப்போகவில்லை. தரநிலை விட்ட சலுகைகளைக் குறைப்பதற்கே இன்னொரு ஏடு வேண்டியிருந்தது. பெங்களூர் நிரலாளரிடம் பேசினேன், நல்ல மனிதர். "சார், அந்த சர்வீஸைத் தொட்டா வேற நாலு இடம் உடையும்" என்றார். அந்த ஒரு அழைப்புக்கு மட்டும் எக்ஸ்எம்எல் உறையைக் கையால் எழுதி, சோப் ஆக்‌ஷன் தலைப்பின் மதிப்பை மேற்கோள் குறிக்குள் வைத்து அனுப்பினேன். போனது. அழகான தீர்வு இல்லை என்றாலும் சீசன் முழுக்க ஒரு தடவைகூட நின்றதில்லை.

மே இரண்டாவது வாரம் நடந்ததுதான் இந்த வேலையிலேயே பெரிய அடி. கோடை இடிமழை. இந்த ஊரில் அந்த மழைக்கு மரத்தில் காய் நிற்காது, கரண்டும் நிற்காது. சாயங்காலம் ஹாலந்து ஆர்டர் ஏஎஸ்2 வழியாக வந்தது, 80 ட்ரம். நான் வைத்திருந்த வரிசை இது: கோப்பைப் பிரி, அட்டவணையில் ஏற்று, அப்புறம் எம்டிஎன் என்ற ஒப்புகையை அனுப்பு. ஆர்டர் அட்டவணையில் ஏறிவிட்டது. எம்டிஎன் கிளம்புவதற்குள் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஏறும்வரை தாங்க வேண்டிய யூபிஎஸ் பேட்டரி தாங்கவில்லை. அந்தப் பக்கம் பார்த்தால் கோப்பு போய்ச் சேர்ந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. அரை மணி நேரம் கழித்து மறுபடி அனுப்பினார்கள், புதிய மெசேஜ் ஐடியோடு. நம் நிரலுக்கு அது புதிய ஆர்டர்.

காலையில் உற்பத்தித் திட்டத்தில் 160 ட்ரம். பழக்கூழ் ஓடத் தொடங்கிவிட்டால் நிறுத்திப் பேச நேரம் இல்லை. ஷிஃப்ட் சூப்பர்வைசர் லேபிள் அடிக்கப் போனவர், இரண்டு கன்டெய்னருக்கும் ஒரே பிஓ (ஆர்டர்) எண் இருப்பதைப் பார்த்து எனக்குப் போன் போட்டார். வந்தபடியே சேமித்திருந்த இரண்டு கோப்புகளையும் அருகருகே திறந்தேன். உறையின் எண் வேறு, ஆர்டர் எண்ணும் தேதியும் ஒன்று. பத்து நிமிடத்தில் உறுதியானது. அவர் கண்ணில் படாமல் போயிருந்தால் என்ன நஷ்டம் என்று நினைத்து அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அன்றே மூன்று மாற்றம் செய்தேன். கோப்பு வட்டில் முழுதாக எழுதப்பட்ட உடனே எம்டிஎன் போய்விடும், பிரிப்பது அதற்குப் பிறகு. வாடிக்கையாளர், ஆவண வகை, ஆவண எண் மூன்றும் சேர்ந்து அட்டவணையில் ஒரு தடவைதான் வரலாம் என்று பூட்டு. இரண்டாவது வந்தால் ஆர்டராக மாறாது, அக்காவின் திரையில் சிவப்பாக நிற்கும். ஏஎஸ்2 சேவையை ஆலையிலிருந்து எடுத்து வெளியே வாடகை சர்வருக்கு மாற்றினேன். இடி இடித்தால் அதற்குத் தெரியாது.

"கிடைத்தது" என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று அன்றுதான் முழுசாகப் புரிந்தது. எம்டிஎன் சொல்வது, உறை உடையாமல் வந்தது என்பது மட்டும். எடிஃபேக்டின் கன்ட்ரோல் செய்தி, பிரித்தேன், படிக்க முடிகிறது என்கிறது. ஆர்டர் பதில்தான் கேட்டதைத் தருகிறேன் என்கிறது. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை வந்துவிட்டது என்பதால் கடிதத்தில் கேட்ட கடன் கிடைத்ததாக யாரும் நினைக்க மாட்டோம். கணினியில் மட்டும் மூன்றையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம்.

இதே பிரச்சினைக்கு 2003-ல் இரண்டு கட்சிகள் இரண்டு தரநிலை எழுதின. ஜனவரியில் சன், ஆரக்கிள், ஃபுஜிட்சு போன்றவர்கள் டபிள்யூஎஸ்-ரிலையபிலிட்டி. மார்ச்சில் ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், பீஈஏ, டிப்கோ சேர்ந்து டபிள்யூஎஸ்-ரிலையபிள் மெசேஜிங். செய்தி தொலையக் கூடாது, இரண்டு தடவை போகக் கூடாது, வரிசை மாறக் கூடாது: இரண்டின் நோக்கமும் இதுதான். முதலாவது 2004-ல் ஓயாசிஸ் தரநிலை ஆனது, இரண்டாவது 2007-ல். நாலு வருடம். அந்த இடைவெளியில் இணைப்பு போட வேண்டியிருந்த சிறிய ஆலைகள் எதை நம்பியிருக்கும்? அந்தக் காலத்தில் இந்த வேலையைச் செய்தவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. இரண்டில் எதை எடுத்திருந்தாலும் நம் மே மாதச் சம்பவம் முழுதாகத் தீர்ந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அவை செய்தி இரண்டு தடவை வருவதைத் தடுக்கும். அனுப்பியவரே புதிய செய்தியாக அதே ஆர்டரை மறுபடி அனுப்பினால், ஆர்டர் எண்ணை வைத்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் இந்த விஷயத்தில் நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள். விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் நாலையும் சேர்த்து ஷா-256 முறையில் பிழிந்தால் 64 எழுத்தில் ஐஆர்என் என்ற பில் பதிவு எண் கிடைக்கிறது. அதே பில்லை எத்தனை தடவை அனுப்பினாலும் அதே எண்தான் வரும். இரண்டாவது தடவை 2150 என்ற பிழை எண்ணோடு, இது ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று திரும்பும். கரண்ட் போய் பதில் வராவிட்டால் பயமின்றி மறுபடி அனுப்பலாம். 2150 வந்தால் அதை வெற்றியாகவே எடுத்துக்கொண்டு, ஐஆர்என் விவரத்தைக் கேட்டு வாங்கி பில்லில் போட்டுவிடுகிறது நம் நிரல். சாவிப் பரிமாற்றத்தைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது, மற்றபடி நேரான ரெஸ்ட், ஜேசன். ஏற்றுமதி பில்லுக்கு ஒரு சின்ன விஷயம்: வாங்குபவர் ஜிஎஸ்டி எண் இருக்கும் இடத்தில் யுஆர்பி (பதிவு இல்லாதவர்), மாநிலக் குறியீடு 96, பின்கோடு 999999. ஹாலந்து அஞ்சல் குறியீட்டை அப்படியே போட்டால் ஏற்காது.

ஜூனில் சிங்கப்பூர் வாடிக்கையாளர் ஒருவர் சேர்ந்தார். ஐரோப்பாவுக்கு வெளியே பெப்போலை முதலில் எடுத்த நாடு அது, 2018-ல். அவர்களுக்கு யூபிஎல் இன்வாய்ஸ் வேண்டும். நான் முதலில் ஆசைப்பட்ட வடிவம் கடைசியில் தானாக வந்தது. நடு அட்டவணைகள் தெளிவாக இருந்ததால் மாற்றி எழுத இரண்டு நாள் போதுமாயிற்று. பெப்போல் வெளியிட்டிருக்கும் சரிபார்ப்பு விதிகளைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க முடிந்தது. கூட்டுத்தொகை ஒரு காசு இடித்தாலும் எந்த விதி, எந்த வரி என்று சொல்லிவிடுகிறது. எடிஃபேக்டில் பிழை தெரிய ஒவ்வொரு தடவையும் அவர்கள் அலுவலக நேரத்துக்குக் காத்திருந்தேன். அதனால் இனி எனக்குத் தேர்வு உரிமை கிடைத்தால் முதலில் கேட்பது இதைத்தான்: அனுப்பும் முன் நானே சரிபார்த்துக்கொள்ள விதிகள் வெளியே கிடைக்கின்றனவா, நிஜமான மாதிரிக் கோப்புகள் தருவார்களா, மே மாத ராத்திரியில் அந்தப் பக்கம் போன் எடுக்க ஆள் உண்டா. வடிவத்தின் அழகு நாலாவது இடம்.

பெப்போல் வலைக்குள் நேராகப் போக ஒரு அக்சஸ் பாயிண்ட் நிறுவனம் வழியாகச் சேர வேண்டும், அதன் கட்டணம் இன்னும் பேசி முடியவில்லை. இப்போதைக்கு யூபிஎல் கோப்பு எஸ்எஃப்டிபி வழியாகப் போகிறது. சரக்கு அதேதான், வண்டி மட்டும் பிறகு மாறும்.

ஆகஸ்டில் அரவை நின்றது. கடைசி கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பிய அன்று அக்காவின் மேசைக்குப் போயிருந்தேன். ஏஎஸ்2 சான்றிதழ் பிப்ரவரி கடைசியில் காலாவதியாகிறது. இரண்டு பக்கமும் ஒரே நாளில் மாற்றாவிட்டால் இணைப்பு செத்துவிடும். ஹாலந்துக்கு ஒரு மாதம் முன்பே எழுத வேண்டும். அடுத்த வருடக் காலண்டர் வந்ததும் ஜனவரி 20-ல் எழுதி வைத்துவிடுங்கள் அக்கா என்றேன். அவர் ஒரு காகிதத்தில் குறித்து, பில் புத்தக டிராயரில் முதல் பக்கமாக வைத்துப் பூட்டினார்.